16ஆ, 17ஆ, 14ஆ? புதுச்சேரியில் ஓட்டு எண்ணிக்கையிலிருந்து ஆட்சி மாற்றம் வரை

கேள்வி இது: “எங்கள் கடலூர்ப் பக்கம் ஆட்சி அமைக்க 118 வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பாண்டிச்சேரியில் சிலர் 16 என்கிறார்கள், சிலர் 17 என்கிறார்கள். 2021இல் 14 பேரே ஒரு ஆட்சியைக் கவிழ்த்தார்கள். எது சரி? ஓட்டு எண்ணியதிலிருந்து புது அரசு உட்காரும் வரை அங்கே என்னதான் நடக்கிறது?”

மூன்று எண்ணும் சரிதான். எந்த நாளில், யார் யாரைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் புதுச்சேரி அரசியலில் பாதி புரிந்துவிடும்.

முதலில் சட்டம். கடலூர்–புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் சாலை அதே சாலை, பேச்சு அதே பேச்சு, ஆனால் ஆட்சியைத் தாங்கும் சட்டம் வேறு. கடலூர் மாவட்டத்தின் 9 தொகுதிகளும் சேர்ந்த தமிழ்நாட்டுப் பேரவை நேரடியாக அரசியல் சட்டத்தில் நிற்கிறது: 234 இடம், ஆளுநர், முதல்வரை அவர் நியமிக்கும் 164ஆம் பிரிவு. புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதற்குப் பேரவை அமைக்கலாம் என்று நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருவது அரசியல் சட்டத்தின் 239ஏ பிரிவு. அந்த அதிகாரத்தில் வந்தது 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். பேரவையின் அளவு, அமைச்சரவை, துணைநிலை ஆளுநரின் அதிகாரம், ஆட்சிக் கலைப்பு எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்தான். ‘அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவைப் பயன்படுத்திப் புதுச்சேரி ஆட்சியைக் கலைத்தார்கள்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. அங்கே பயன்படுவது 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு.

அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இரண்டு வகை உறுப்பினர்களைச் சொல்கிறது. மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர்: புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹேயில் 1, ஏனாமில் 1. இவர்கள் போக, மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. 30இல் பாதிக்கு மேல் 16. 33இல் பாதிக்கு மேல் 17. ஓட்டு எண்ணும் நாளில் தொலைக்காட்சியில் ஓடும் எண் 16. பேரவைக்குள் கையைத் தூக்கும் நாளில், மூன்று நியமன எம்.எல்.ஏ.க்களும் இருந்தால், வேண்டியது 17. தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் இல்லை. ஆங்கிலோ இந்தியருக்கான ஒரே நியமன இடமும் 2020 ஜனவரியோடு போய்விட்டது.

நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டுரிமை உண்டா என்பது பல ஆண்டுகள் யாரும் அழுத்திக் கேட்காத கேள்வி. 2016இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. 2017இல் மத்திய அரசு, மாநில அமைச்சரவையைக் கேட்காமலே, பா.ஜ.க.வைச் சேர்ந்த 3 பேரை நியமித்தது. அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி அவர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். சபாநாயகர் ஏற்க மறுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. 2018 டிசம்பர் 6 அன்று வந்த தீர்ப்பு மூன்று விஷயங்களைத் தீர்த்துவைத்தது. மாநில அரசின் பரிந்துரை இல்லாமலே மத்திய அரசு நியமிக்கலாம். நியமன உறுப்பினருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் போலவே ஓட்டுரிமை உண்டு. பட்ஜெட், நம்பிக்கை வாக்கெடுப்பு இரண்டிலும் அந்த ஓட்டு செல்லும். தேர்தல் முடிவைப் படிக்கும்போது 30 பேரின் கட்சிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்பது இந்தத் தீர்ப்பினால்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேர் கொண்ட அவையில் 3 பேர் என்பது பத்தில் ஒரு பங்கு. 234இல் அதே விகிதம் என்றால் 23 பேர். கடலூர் மாவட்டத்தின் 9 எம்.எல்.ஏ.க்களைப் போல இரண்டரை மடங்கு ஆட்களை டெல்லியிலிருந்து நியமித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புதுச்சேரிக்காரர்களின் ஆதங்கம் விளங்கும்.

இனி ஓட்டு எண்ணும் நாளுக்கு வருவோம். சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்றே: 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள். அளவுதான் வேறு. புதுச்சேரியில் மொத்த வாக்காளர்கள் ஏறத்தாழ 10 லட்சம். 30 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு 33 ஆயிரம் வரும். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரி ஏறத்தாழ இரண்டரை லட்சம். எண்ணும் அறையில் வழக்கமாக 14 மேசை போடுவார்கள். 14 வாக்குச்சாவடி எண்ணி முடித்தால் ஒரு சுற்று. புதுச்சேரியில் ஒரு தொகுதி நான்கைந்து சுற்றுக்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் 20 சுற்றைத் தாண்டும். முதல் சுற்றில் 800 ஓட்டு முன்னிலை என்றால் கடலூரில் அதற்குப் பொருளே இல்லை. பாகூரிலோ நெட்டப்பாக்கத்திலோ அதுவே முடிவாக இருக்கலாம்.

சுற்று குறைவு என்பதால் வேட்பாளர்களின் ஏஜென்டுகள் அசந்துபோகக் கூடாது. தவறு நடந்தால் திருத்திக்கொள்ள நேரம் மிகக் குறைவு. ஏஜென்ட் கையில் இருக்க வேண்டிய காகிதம் 17சி படிவம். வாக்குப்பதிவு முடிந்த மாலை, வாக்குச்சாவடி அதிகாரி கையெழுத்திட்டுத் தரும் கணக்கு அது: எந்தக் கட்டுப்பாட்டு இயந்திரம், அதில் எத்தனை ஓட்டு, இயந்திரத்துக்குச் சீல் வைத்த தாள்களின் எண் என்ன. எண்ணும் மேசைக்கு இயந்திரம் வந்ததும் அந்த மூன்றையும் ஒப்பிட வேண்டும். முடிவு பட்டனை அழுத்தும் முன் மொத்த ஓட்டு எண்ணிக்கை திரையில் வரும். அது 17சியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாமல் போவதற்கு அடிக்கடி நேரும் காரணம், காலையில் கட்சிக்காரர்கள் முன்னால் நடத்திய மாதிரி வாக்குப்பதிவை அழிக்காமலே உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கிவிடுவது. 50 ஓட்டு கூடுதலாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான், ஏனென்றால் மாதிரி ஓட்டு குறைந்தது 50 போட வேண்டும். அப்படிப்பட்ட இயந்திரத்தையும், திரை வேலை செய்யாத இயந்திரத்தையும் தேர்தல் அதிகாரி தனியே எடுத்துவைப்பார். மற்றதெல்லாம் எண்ணி முடித்த பின், முதல் இரண்டு பேருக்கும் இடையிலான வித்தியாசம் அந்த இயந்திரங்களில் உள்ள மொத்த ஓட்டைவிடக் குறைவாக இருந்தால் விவிபாட் (போட்ட ஓட்டைக் காகிதத்தில் அச்சிடும் கருவி) சீட்டுகளை எண்ணுவார்கள். வித்தியாசம் அதிகம் என்றால் தொட வேண்டியதில்லை. இரண்டரை லட்சம் ஓட்டுள்ள தொகுதியில் ஒரு சாவடியின் ஆயிரம் ஓட்டு முடிவை மாற்றுவது அபூர்வம். 33 ஆயிரத்தில் அது அபூர்வமில்லை. விவிபாட் சரிபார்ப்பும் அப்படியே: உச்ச நீதிமன்றத்தின் 2019 ஏப்ரல் உத்தரவுப்படி ஒவ்வொரு தொகுதியிலும் 5 சாவடியின் சீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணுகிறார்கள். அந்த 5, புதுச்சேரித் தொகுதியில் கணிசமான பங்கு. தமிழ்நாட்டில் சிறு துளி.

தோற்றவர் செய்யும் பெரிய பிழை மறு எண்ணிக்கையைத் தாமதமாகக் கேட்பது. இறுதிக் கூட்டுத்தொகையை அறிவித்தபின், முடிவுத் தாளான 20ஆம் படிவத்தில் கையெழுத்திடும் முன், அதிகாரி ஒரு சிறு இடைவெளி தருவார். அந்தச் சில நிமிடத்தில் வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ, காரணத்தைக் குறிப்பிட்டு, எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். ‘சந்தேகமாக இருக்கிறது’ என்று எழுதினால் நிராகரிக்கலாம்; இந்த மேசை, இந்த இயந்திரம், இந்த எண் என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு இருப்பது உயர் நீதிமன்றத்தில் 45 நாளுக்குள் தேர்தல் மனு. புதுச்சேரிக்கும் அது சென்னை உயர் நீதிமன்றம்தான். இருவருக்கும் சம ஓட்டு விழுந்தால் சீட்டுக் குலுக்கல். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடியதாகக் கொள்வார்கள்.

வென்றவர் சான்றிதழ் வாங்கியதும் ஆட்சி மாறிவிடுவதில்லை. எல்லாத் தொகுதி முடிவுகளும் சேர்ந்தபின் அரசிதழ் அறிவிப்பு வெளியாகும். அந்த அறிவிப்போடுதான் புதிய பேரவை அமைந்ததாகக் கணக்கு. பதவியில் இருப்பவர் ராஜினாமா கொடுப்பார். புது ஏற்பாடு ஆகும்வரை தொடரும்படி அவரையே கேட்பார்கள். அந்த இடைநாட்களில் அன்றாட வேலை மட்டும் நடக்கும், பெரிய கொள்கை முடிவு எடுப்பதில்லை என்பது மரபு.

இங்கிருந்து இரண்டு ஊருக்கும் பாதை பிரிகிறது. தமிழ்நாட்டில் வென்ற கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், கடிதத்தோடு ஆளுநரைப் பார்ப்பார்கள், ஆளுநர் அழைப்பார், நியமிப்பார். புதுச்சேரியில் முதல்வரை நியமிப்பவர் துணைநிலை ஆளுநர் அல்லர், குடியரசுத் தலைவர். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எம்.எல்.ஏ.க்களின் கையெழுத்தும் கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதமும் துணைநிலை ஆளுநரின் மாளிகையான ராஜ்நிவாஸுக்குப் போகும். அங்கிருந்து மத்திய உள்துறைக்குப் போகும். குடியரசுத் தலைவரின் உத்தரவு அரசிதழில் வெளிவரும். அதன் பிறகே துணைநிலை ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்துவைப்பார். முதல்வர் சொல்லும் அமைச்சர் பட்டியலுக்கும் இதே வழிதான். பின்னாளில் ஒரு அமைச்சரை மாற்றினாலும் கோப்பு டெல்லி போய்த்தான் திரும்ப வேண்டும். ‘இங்கே ஏன் எல்லாம் இழுக்கிறது’ என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

மீதிப் பாதி கூட்டணிப் பங்கீட்டில். 2021 மே 2 அன்று வந்த முடிவு: என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2, சுயேச்சைகள் 6. என்.ஆர். காங்கிரஸும் பா.ஜ.க.வும் சேர்ந்து சரியாக 16. மே 7 அன்று என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி முதல்வரானார், தனியாக. சில நாட்களிலேயே கொரோனா தொற்றால் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். அதே வாரத்தில் மத்திய அரசு 3 பேரை நியமித்தது, மூவரும் பா.ஜ.க. பக்கம். 6 என்பது 9 ஆனது. சுயேச்சைகளில் மூவர் பா.ஜ.க.வை ஆதரித்தார்கள், 12 ஆனது. கூட்டணியின் பெரிய கட்சி 10இல் நிற்க, இளைய கட்சி 12 பேரைத் தன்னோடு காட்டியது. ஒரு ஓட்டுகூடப் புதிதாகப் போடாமல் இவ்வளவும் நடந்தது. சபாநாயகர் பதவி யாருக்கு, துணை முதல்வர் உண்டா, எத்தனை அமைச்சர் யாருக்கு என்ற பேச்சு நீண்டு, மற்ற 5 அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 27 அன்றுதான். ஏழு வாரம் முதல்வர் ஒருவரே அமைச்சரவை. பெருந்தொற்றின் உச்சத்தில் ஒரு ஊருக்கு அது நல்லதில்லை.

அவை கூடும் வரிசை சிக்கலில்லாதது: தற்காலிக சபாநாயகர் ஒருவர் நியமனம், அவர் முன் எல்லா எம்.எல்.ஏ.க்களும் உறுதிமொழி, பின்பு சபாநாயகர் தேர்தல், துணைநிலை ஆளுநர் உரை, பட்ஜெட். பட்ஜெட்டில் மட்டும் ஒரு முடிச்சு உண்டு. புதுச்சேரியின் ஆண்டு நிதிநிலை அறிக்கையைக் குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் பெற்றே அவையில் வைக்க முடியும்.

சபாநாயகர் தேர்தலில் நின்று கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. சபாநாயகர் ஓட்டுப் போடுவதில்லை. இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் ஒரு முடிவு ஓட்டு உண்டு. 16க்கு 14 என்று ஆட்சி அமைத்த கட்சி தன் ஆளைச் சபாநாயகர் ஆக்கினால் அவைக்குள் அது 15க்கு 14. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சமம். 118 இடம் வென்ற கட்சிக்கும் இதே ஆபத்து உண்டுதான், ஆனால் அங்கே மனம் மாறக்கூடியவர்களும் மனம் மாறாதவர்களும் ஒன்றோடொன்று ஈடாகிப்போக இடம் இருக்கிறது. 16இல் அப்படி இடமில்லை. இன்னொரு பக்கம் பதவிகளை எண்ணிப் பாருங்கள். முதல்வரோடு சேர்த்து 6 அமைச்சர்கள், சபாநாயகர், துணை சபாநாயகர்: 8 பேர். ஆளும் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பதவி, பாதிப் பேருக்கு ஏமாற்றம். ஏமாந்த 8 பேரில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆட்சியைக் கவிழ்க்க வல்லவர். வாரியத் தலைவர் பதவிகளுக்கு அவ்வளவு இழுபறி நடப்பது அதனால்தான்.

இந்த நெருக்கடி இன்று நேற்று வந்ததில்லை. புதுச்சேரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி 1968, 1974, 1978, 1983, 1991, 2021 ஆகிய ஆண்டுகளில் வந்திருக்கிறது. 1974இல் மட்டும் இரண்டு முறை. அ.தி.மு.க. முதன்முதலில் ஆட்சி அமைத்தது தமிழ்நாட்டில் இல்லை, 1974 மார்ச்சில் புதுச்சேரியில்தான், எஸ். ராமசாமி தலைமையிலான அந்த அரசு மூன்று வாரத்தில் விழுந்தது.

இப்போது நீங்கள் கேட்ட 14க்கு வருகிறேன்.

2016 தேர்தலில் காங்கிரஸ் 15, தி.மு.க. 2, என்.ஆர். காங்கிரஸ் 8, அ.தி.மு.க. 4, மாஹேயில் ஒரு சுயேச்சை. காங்கிரஸின் நாராயணசாமி முதல்வரானார். அப்போது அவர் எம்.எல்.ஏ. இல்லை, நெல்லித்தோப்பு உறுப்பினர் ராஜினாமா செய்து வழிவிட, ஆறு மாதக் கெடு முடியும் முன் 2016 நவம்பர் இடைத்தேர்தலில் வென்றார். (இந்தக் கெடுவுக்குள் உறுப்பினராக முடியாமல் பதவி இழந்த முதல்வரும் புதுச்சேரியில் உண்டு: 2001இல் ப. சண்முகம். அந்த அக்டோபரில்தான் ரங்கசாமி முதன்முறை முதல்வரானார்.) இடையில் தட்டாஞ்சாவடி இடைத்தேர்தலில் தி.மு.க. வென்றதால் தி.மு.க. 3, என்.ஆர். காங்கிரஸ் 7. ஆக ஆளும் பக்கம் 15 + 3 + 1 = 19. எதிர்ப்பக்கம் 7 + 4 = 11, நியமனத்தோடு 14. 33இல் 19 என்பது வசதியான பெரும்பான்மை.

2020 ஜூலையில் பாகூர் காங்கிரஸ் எம்.எல்.ஏ. தகுதி நீக்கம் செய்யப்பட்டார்: 18. 2021 ஜனவரி 25 அன்று அமைச்சராக இருந்த நமச்சிவாயமும் இன்னொரு உறுப்பினரும் ராஜினாமா: 16. பிப்ரவரி நடுவில் அடுத்தடுத்து இருவர்: 14. பிப்ரவரி 21 அன்று காங்கிரஸில் ஒருவர், தி.மு.க.வில் ஒருவர்: 12. அந்தப் பன்னிரண்டில் சபாநாயகரும் அடக்கம், அதனால் கைதூக்க 11 பேர். எதிர்ப்பக்கம் ஒருவர்கூடக் கூடவில்லை. தொடக்கத்தில் இருந்த அதே 14தான். அவையின் மொத்தம் 33இலிருந்து 26க்கு இறங்கியது. 26இல் பாதிக்கு மேல் 14. எதிர்க்கட்சி ஏறி ஆட்சியைப் பிடிக்கவில்லை. ஆளுங்கட்சி நின்ற தரை இறங்கி, 14 என்ற எண்ணிடம் வந்து சேர்ந்தது. மூன்று நியமன ஓட்டுகளை நீக்கிப் பாருங்கள்: 11க்கு 11, சபாநாயகரின் முடிவு ஓட்டு அரசுக்கு. 2018 தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் பிப்ரவரி 22 அன்று அந்த அரசு பிழைத்திருக்கும்.

அந்த ஏழு நாட்களின் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரி 16 இரவு கிரண் பேடி நீக்கப்பட்டார். தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் கூடுதல் பொறுப்பேற்றார். எதிர்க்கட்சிகள் மனு கொடுத்தன. 22ஆம் தேதி மாலை 5 மணிக்குள் பெரும்பான்மையை நிரூபிக்கும்படி உத்தரவு வந்தது. அன்று நாராயணசாமி நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்து பேசினார், நியமன உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவதை எதிர்த்தார், வாக்கெடுப்புக்கு முன் தம் பக்கத்தாரோடு வெளியேறினார். தீர்மானம் தோற்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். எதிர்ப்பக்கம் ஆட்சி அமைக்க உரிமை கோரவில்லை. 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மறுநாளே தேர்தல் தேதி அறிவிப்பு. தேர்தலுக்கு ஆறே வாரம் இருக்கையில் ஒரு அரசைக் கவிழ்த்ததால் மக்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. அந்த ஆறு வாரம், தேர்தலின்போது நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதற்கான போட்டி.

ஏன் கட்சி மாறாமல் ராஜினாமா செய்தார்கள்? கட்சித்தாவல் தடைச் சட்டம், அதாவது அரசியல் சட்டத்தின் 10ஆம் அட்டவணை, புதுச்சேரிக்கும் பொருந்தும். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். தப்பிக்கும் ஒரே வழி, சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைவது. 15 பேரில் அது 10 பேர். பத்துப் பேரைத் திரட்டுவது கடினம். ஐந்து பேரை ஒவ்வொருவராக ராஜினாமா செய்யவைப்பது எளிது. ராஜினாமா செய்பவருக்குத் தண்டனையே இல்லை. அடுத்த தேர்தலில் வேறு கட்சியில் நிற்கலாம், அமைச்சராகலாம். நடந்ததும் அதுதான். ராஜினாமா செய்த நமச்சிவாயம் பா.ஜ.க.விலும், லட்சுமிநாராயணன் என்.ஆர். காங்கிரஸிலும் வென்று 2021 அமைச்சரவையில் அமர்ந்தார்கள். தி.மு.க.விலிருந்து ராஜினாமா செய்த வெங்கடேசன், மே மாதம் நியமன எம்.எல்.ஏ. ஆனார். சட்டத்தின் ஓட்டை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது. ராஜினாமா செய்தவர், கலைந்த அவையின் மிச்சக் காலம் முடிந்தபின்னும் குறிப்பிட்ட காலத்துக்கு அமைச்சர் பதவியோ நியமனப் பதவியோ பெறக் கூடாது என்று சட்டம் வந்தாலொழிய இது ஓயாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு அடியில் சட்டத்துக்கு வெளியே ஒரு காரணமும் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011இல் முடிந்தது. நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை. சாக்கடை அடைத்தாலும், முதியோர் பென்ஷன் நின்றாலும், ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனாலும் மக்கள் போகும் ஒரே வாசல் எம்.எல்.ஏ. வீடு. 33 ஆயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர் போல அவர் இருக்கிறார். அதனால் ஓட்டு கட்சிக்கு விழுவதைவிட ஆளுக்கு விழுகிறது. 2021இல் ஆறு சுயேச்சைகள் வென்றது அப்படித்தான். முதல்வர் வேட்பாளர் ரங்கசாமியே ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் தோற்று, தட்டாஞ்சாவடியில் வென்றுதான் உள்ளே வந்தார். கட்சி மாறினாலும் தன் ஓட்டு தன்னோடு வரும் என்று தெரிந்த எம்.எல்.ஏ.வைக் கட்சி கட்டுப்படுத்த முடியாது.

அடுத்த முறை புதுச்சேரியிலிருந்து ‘ஒரு எம்.எல்.ஏ. விலகினார்’ என்று செய்தி வந்தால் உடனே கழித்துவிடாதீர்கள். சபாநாயகர் ராஜினாமாவை ஏற்றாரா என்று முதலில் பாருங்கள். மிரட்டலின்றி, தாமாகவே கொடுத்தாரா என்று விசாரிக்க அவருக்கு உரிமை உண்டு. ஏற்கும்வரை உறுப்பினர் உறுப்பினரே. சபாநாயகரையே நீக்க நோட்டீஸ் நிலுவையில் இருந்தால், தகுதி நீக்க மனுக்களை அவர் தீர்க்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு அருணாசலப் பிரதேச வழக்கின் தீர்ப்பு. பெரும்பான்மையைக் கவர்னர் மாளிகையில் தலை எண்ணித் தீர்மானிக்க முடியாது, அவையில்தான் என்பதை 1994ஆம் ஆண்டு எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு நிலைநாட்டியது. ராஜினாமா ஏற்கப்பட்டுவிட்டால் அவையின் அன்றைய மொத்தத்தை எடுங்கள், நியமன உறுப்பினர்களைச் சேர்த்து. பாதியோடு ஒன்று கூட்டுங்கள். ஆளும் பக்கத்தில் சபாநாயகரைக் கழியுங்கள். வரும் எண்தான் அன்றைய நிலை. 16ஐயும் 17ஐயும் மறந்துவிடலாம்.

ஒரே ஒரு விலக்கு. மாநிலங்களவைத் தேர்தலுக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருக்கு மட்டுமே. அந்த இரண்டு நாளில் மட்டும் புதுச்சேரிக் கணக்கு மீண்டும் முப்பதுக்குள் வந்துவிடும்.